இருபத்தொன்றுக்கு ஏழு

மெர்சி டீச்சருக்கு நோட்ஸ் படிக்கத் தெரியாது. இதை முதலிலேயே போட்டு உடைத்துவிடுவது நல்லது. பெங்களூர் பொம்மனஹள்ளியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பத்தொன்பது வருஷமாக மியூசிக் டீச்சர். எத்தனையோ பிள்ளைகளைப் பியானோ பரீட்சைக்கு அனுப்பியவள், ஆண்டுவிழா தவறாமல் பூச்செண்டு வாங்கியவள். ஆனால் அந்த ஐந்து கோட்டையும், கோட்டில் தொங்குகிற முட்டைகளையும் பார்த்தால் அவளுக்கு ஒன்றும் புரியாது. இது உலகத்தில் மூன்றே பேருக்குத் தெரியும்: அவளுக்கு, அவள் புருஷன் வின்சென்டுக்கு, லிங்கராஜபுரத்தில் இருக்கும் ஆங்கிலோ இந்தியர் டென்சில் அங்கிளுக்கு.

அதற்காக அவளை மட்டமாக நினைத்துவிட வேண்டாம். ஒரு பாட்டை ஒருதரம் காதில் வாங்கினால் போதும், நாலு குரலையும் பிரித்து வாசித்துவிடுவாள். படிக்கவும் தெரியும், ஆனால் அவள் படித்தது வேறு. டோ, ரே, மி என்று ஸ்வரத்துக்கு ஓர் எழுத்தாக எழுதிப் பாடுகிற சோல்ஃபா. அதில் எந்தப் பாட்டைக் கொடுத்தாலும் பேப்பர் படிப்பதுபோல் படித்துக்கொண்டே போவாள்.

ஏன் இப்படி என்றால், அவள் பிறந்த கோலார் தங்கவயலில் இசைப் படிப்பு இரண்டு வாசல் வழியாக வந்தது. ஒன்று கிளப் வாசல். கிளப் என்றால் சுரங்கத்துத் துரைமார்கள் கூடுகிற இடம். அங்கே பியானோ இருந்தது, டோரீன் மிஸ் இருந்தார், ஐந்து கோட்டுப் புத்தகம் இருந்தது. வருஷத்துக்கு ஒருதரம் கடல் கடந்து ஒரு துரை வந்து பரீட்சை வைத்து, சர்டிஃபிகேட் கொடுத்துவிட்டுப் போவார். இன்னொன்று லைன் வாசல். லைன் என்றால் சுரங்கத் தொழிலாளிகளின் வரிசை வீடுகள். அங்கே கோயிலை ஒட்டிய பள்ளிக்கூடச் சுவரில் சோல்ஃபா எழுத்துகளை ஏணிப்படி மாதிரி எழுதிய ஒரு துணிப்படம் தொங்கியது. ஒரு குச்சியும், சுருதி பிடிக்க ஓர் இரும்புக் கவையும் போதும். ஷிஃப்ட் முடித்து வந்த அறுபது ஆட்கள் மூன்றே மாதத்தில் நாலு குரலில் பாடினார்கள். இதில் யாரும் சதி ஒன்றும் செய்யவில்லை. கோடு படிக்கப் பியானோ வேண்டும், பியானோ வைக்க வீடு வேண்டும், லைன் வீட்டில் ஆள் கால் நீட்டவே இடமில்லை. ஆனால் துரை வைத்த பரீட்சை ஐந்து கோட்டில் மட்டும்தான் இருந்தது. அதனால் லைன் பிள்ளைகள் எவ்வளவு பாடினாலும் அந்த சர்டிஃபிகேட் அவர்கள் கைக்கு வரவே இல்லை.

பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் இந்த வேலைக்கு இன்டர்வியூ வந்தபோது மெர்சி, கோயில் ஆர்மோனியத்தில் பழகிய விரலோடு, பியானோவில் நாலு பாட்டு வாசித்தாள். அப்போதைய பிரின்சிபால் சொக்கிப்போய், "எங்கே கத்துக்கிட்டேம்மா?" என்று கேட்டார். லைனில் சோல்ஃபா படித்தேன் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "கிளப்ல சார், டோரீன் மிஸ்கிட்ட" என்று சொல்லிவிட்டாள். டோரீன் மிஸ் அப்போது உயிரோடு இல்லை. பிரின்சிபால் மிஸ்ஸின் மகன் டென்சிலுக்குப் போன் போட்டு விசாரித்தார். டென்சில் வின்சென்டோடு ஒரே டீமில் ஃபுட்பால் ஆடியவர். "ஆமா, அம்மாவோட ஸ்டூடண்ட்தான்" என்று அவர் யோசிக்காமல் சொன்னார். அன்றைக்கு விழுந்த முடிச்சு அது.

அதற்கப்புறம் பள்ளியில் ஒரு புதுப் பாட்டு வந்தால், அந்தத் தாள் ரகசியமாக டென்சிலிடம் போகும். முதலில் பஸ் பிடித்துக் கையில் எடுத்துக்கொண்டு போனாள், பின்னால் வாட்ஸ்அப் வந்து புண்ணியம் கட்டிக்கொண்டது. அவர் ஒவ்வொரு குரலாகக் கீபோர்டில் வாசித்து அனுப்புவார். இவள் அதைக் கேட்டுக் கேட்டுச் சோல்ஃபாவில் ஒரு நோட்டில் எழுதிக்கொள்வாள். பிரவுன் அட்டை போட்ட அந்த நோட்டின் மேல் 'மாரல் சயின்ஸ்' என்று எழுதியிருக்கும். பள்ளிக்கூடத்தில் யாரும் தப்பித்தவறிக்கூடத் திறந்து பார்க்காத புத்தகம் அது ஒன்றுதான்.

யாராவது எதிர்பாராமல் தாளை நீட்டிவிட்டால்? அதற்கும் வழி வைத்திருந்தாள். "அடடா, கண்ணாடி மறந்துட்டேன். நீங்க கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்." அவளிடம் மூன்று கண்ணாடி இருந்தது. மூன்றும் கைப்பையிலேயே இருக்கும்.

பத்தொன்பது வருஷத்தில் கற்றுக்கொண்டிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எத்தனை தடவை புத்தகத்தை எடுத்தாள் தெரியுமா! கோட்டைப் பார்த்ததும் மூடி வைத்துவிடுவாள், அதற்குள் அடுத்த வெள்ளிக்கிழமைக்கு வேறு பாட்டு வந்து நிற்கும். யாரிடமாவது கேட்டுப் படிக்கலாமென்றால், தெரியாது என்று முதலில் ஒத்துக்கொள்ள வேண்டும். அது எப்படி முடியும்? டென்சில் இருக்கிறாரே, பார்த்துக்கொள்ளலாம் என்று வருஷங்களைத் தள்ளிவிட்டாள்.

இந்த வருஷம் எல்லாம் சேர்ந்து வந்தது. டென்சில் ஆஸ்திரேலியாவில் பெர்த்தில் இருக்கும் மகனோடு போய்த் தங்க விசா வாங்கிவிட்டார், இருபதாம் தேதி விமானம். பள்ளியே பியானோ பரீட்சைக்கு சென்டர் ஆகப்போகிறது என்று பிரின்சிபால் சோஃபியா மேடம் அறிவித்தார். அதற்கென்று ஷ்ரேயாஸ் என்ற புது கோஆர்டினேட்டர் வேலைக்குச் சேர்ந்தான். இருபத்தெட்டு வயசு, மரியாதையான பிள்ளை. மெர்சி அவன் வருகிற வராந்தாவை விட்டுச் சுற்றிப் போனாள்.

அவன் சேர்ந்த நாலாம் நாள், பிரேயர் முடிந்ததும் மேடையில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தான். பள்ளியை ஆரம்பித்தவர் தன் கையால் எழுதிய பள்ளிப் பாட்டு அங்கே கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது.

"மேடம், ஒந்து நிமிஷ" என்று கன்னடத்தில் மெர்சியைக் கூப்பிட்டான். "இங்கே ரெண்டாவது லைன் கடைசியிலே ஸி ஷார்ப் போட்டிருக்கு. நம்ம பிள்ளைங்க எல்லாம் சாதா ஸி பாடறாங்க. பிள்ளைங்க மட்டும் இல்ல, டீச்சர்ஸ், வாட்ச்மேன், எல்லாருமே."

மெர்சி மேடை ஏறினாள். கறுப்பு முட்டைகள் வரிசையாக நின்றன. கை தானாகப் பைக்குள் போய்க் கண்ணாடியைத் தொட்டது, தொட்டதும் வெளியே வந்துவிட்டது.

"கண்ணாடி மறந்துட்டேன் சார். பழக்கத்துல அப்படி ஆகியிருக்கும். சரி பண்ணிடறேன்."

"பரவாயில்ல மேடம். இன்னொண்ணு..." அவன் தயங்கினான். அப்போது அந்த வழியாக ரக்ஷிதா போனாள். பத்தாம் வகுப்பு, வீட்டில் கன்னடம், தெருவில் தமிழ், பாட்டில் எந்தப் பாஷையானாலும் தேன். மெர்சி ஆறு வருஷமாகச் சொல்லிக்கொடுத்த பிள்ளை, ஐந்தாவது கிரேடு பாஸ் பண்ணியவள். ஷ்ரேயாஸ் அவளைக் கூப்பிட்டுச் சட்டத்தில் ஒரு வரியைக் காட்டி, "இதைப் பாடு பார்க்கலாம், கடைசி ஸ்வரத்தை மட்டும் எழுதியிருக்கிறபடி" என்றான்.

ரக்ஷிதா சட்டத்தைப் பார்த்தாள், பிறகு மெர்சியைப் பார்த்தாள். "மிஸ் ஒருவாட்டி பாடிக் காட்டுனாங்கன்னா பாடிடுவேன் சார்."

அவளை அனுப்பிவிட்டு ஷ்ரேயாஸ் ஒரு ஃபைலைத் திறந்தான். "தப்பா நினைக்காதீங்க மேடம். உங்க ஸ்டூடண்ட்ஸ் பழைய மார்க் ஷீட் எல்லாம் பார்த்தேன். காது டெஸ்ட்டு ஃபுல் மார்க். வாசிப்பு சூப்பர். ஆனா முன்னாடி பார்க்காத தாளைப் பார்த்து வாசிக்கிற பகுதி இருக்கே, அதுல எல்லாருக்கும் இருபத்தொண்ணுக்கு ஏழு. கிரண், ஃபாத்திமா, ரக்ஷிதா, யாரை எடுத்தாலும் ஏழு. உட்கார்ந்தாலே குடுக்கிற மார்க் அது. அதுக்கு நீங்க டைமே ஒதுக்கலை போல?"

அவன் சந்தேகப்படவில்லை. டைம் ஒதுக்கவில்லை என்றுதான் நினைத்தான். மெர்சி தலையை ஆட்டிவிட்டு டாய்லெட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஏழு, ஏழு, ஏழு என்று அந்தப் பக்கங்கள் கண்ணுக்குள் ஓடின. தன்னை ஒளித்துக்கொள்ளத்தான் இத்தனை பாடு என்று நினைத்திருந்தாள். பிள்ளைகளுக்கும் சேர்த்துக் கதவை அடைத்துவிட்டோமே என்பது இப்போதுதான் உறைத்தது. கிளப்காரர்கள்கூட இதைத் தெரிந்து செய்யவில்லை, தான் தெரிந்தே செய்தோம் என்று அழுகை வந்தது.

மத்தியானம் டென்சிலுக்குப் போன் போட்டாள். அந்த ஸ்வரத்தைச் சொன்னதும் அவர் சிரித்தார்.

"ஓ மை காட், மெர்சி! அப்போ என்கிட்ட இருந்த பழைய கீபோர்டு. அதுல அந்த ஒரு பிளாக் கீ செத்துப்போச்சு மென். சவுண்டே வராது. நான் பக்கத்து வொயிட்டை அடிச்சிட்டேன். உன்கிட்ட சொல்லணும்னு இருந்தேன், மறந்தே போச்சு. நைன்டீன் இயர்ஸா அதையேவா பாடறாங்க?"

"ஆமா அங்கிள்."

"இனிமே நீயே படிக்கக் கத்துக்கோ மென். பெர்த்ல நான் தூங்குவேன், நீ இங்கே முழிச்சிருப்பே."

செத்துப்போன ஒரு கறுப்புக் கட்டையால் வந்த தப்பைப் பத்தொன்பது வருஷம் ஒரு பள்ளிக்கூடமே பாடியிருக்கிறது. வேறு நாளாக இருந்தால் மெர்சியும் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள்.

சாயங்காலம் வின்சென்ட் பொம்மசந்திரா ஃபேக்டரியிலிருந்து வந்து சட்டையைக் கழற்றுவதற்குள் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். "பிரின்சிபால்கிட்ட சொல்லிடப் போறேங்க."

"இன்னாத்துக்கு? உனக்கு இன்னா பைத்தியமா? இன்னும் மூணு வருஷம், ரிடயர் ஆகிடுவே. வாயை மூடிக்கினு இரு."

"அந்தப் பொண்ணு மியூசிக் காலேஜுக்குப் போகணும்னு சொல்லினுக்கீதுங்க. அங்க போய் முதல் நாளே இன்னா பண்ணும்?"

"அங்க கத்துக்கும். நீ கத்துக்காமலே பொழைக்கலையா?" என்றான் வின்சென்ட். சொன்ன பிறகு அவனுக்கே அது சரியாகப் படவில்லை போலும், காப்பியை எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போய்விட்டான்.

மறுநாள் முதல் பீரியடில் மெர்சி பிரின்சிபால் அறைக்குப் போனாள். உட்காரக்கூட இல்லை. நின்றபடியே டோரீன் மிஸ் பேரில் சொன்ன பொய், டென்சில், மாரல் சயின்ஸ் நோட்டு, எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல மார்பிலிருந்து பாறாங்கல் இறங்கியது. வேலை போகும், போகட்டும், இனிமேல் மூச்சு விடலாம் என்று நினைத்தாள்.

சோஃபியா மேடம் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார்.

"மெர்சி, இதை நான் கேக்கலை."

"மேடம்..."

"கேக்கலைன்னு சொல்றேன். சென்டருக்கு அப்ளிகேஷன் போயாச்சு. அதுல ஹெட் டீச்சர் யாருன்னு நினைக்கறீங்க? உங்க பேரு. பத்தொன்பது வருஷ அனுபவம், டோரீன் மிஸ் பரம்பரைன்னு போட்டிருக்கேன். இப்போ நீங்க இதை வெளியே சொன்னீங்கன்னா, பரீட்சைக்குப் போன அத்தனை பிள்ளைங்க பேரண்ட்ஸும் கேட்டுல வந்து நிப்பாங்க. உங்களை மட்டும் கேப்பாங்களா? என்னையும் சேர்த்துத்தான் கேப்பாங்க."

"ராஜினாமா பண்ணிடறேன் மேடம்."

"இப்போ பண்ண முடியாது. வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்ஷன். பரீட்சை போர்டுலேருந்து சீனிவாசராகவன் சார் வர்றார். தங்கவயலைப் பத்திக் கேட்டா அவருக்கு ரொம்ப இஷ்டம். 'தங்கவயலில் இசைக்கல்வி வரலாறு'ன்னு அஞ்சு நிமிஷம் நீங்க பேசறீங்க. கிளப், பியானோ, டோரீன் மிஸ், அந்தப் பரீட்சை எல்லாம் அழகா எழுதுங்க. லைன், சோல்ஃபா எல்லாம் வேணாம். புரியுதா?" பிறகு குரலைத் தாழ்த்தி, "எனக்கும் வேற வழி இல்லம்மா" என்றார்.

மெர்சி வெளியே வந்தாள். பொய் சொன்னபோது உள்ளே அடைபட்டாள், அது நியாயம். உண்மையைச் சொன்ன பிறகும் வெளியே விடமாட்டேன் என்கிறார்களே, இது என்ன கொடுமை! முன்னே இந்தப் பூட்டின் சாவி அவள் கையில் இருந்தது, இப்போது பிரின்சிபால் மேஜைக்குப் போய்விட்டது.

வெள்ளிக்கிழமைவரை தினமும் அந்த ஒரு ஸ்வரத்தைப் பிள்ளைகளுக்குத் திருத்தினாள். அது பெரிய வேலையில்லை, பாடிக் காட்டினால் பிடித்துக்கொண்டார்கள். அவளுக்கும் பயப்பட ஒன்றுமில்லை. பள்ளிப் பாட்டு விரலில் இருக்கிறது, பேச்சு தாளில் இருக்கிறது, யாரும் எதையும் கண்டுபிடிக்கப் போவதில்லை. ரக்ஷிதா மட்டும் வகுப்பு முடிந்து ஒருநாள் பின்தங்கி நின்றாள். "மிஸ், அந்த ஷ்ரேயாஸ் சார் இன்ஸ்பெக்ஷன்ல எதையாச்சும் படிக்கச் சொல்லுவாரா?"

"மாட்டார், போ" என்றாள் மெர்சி. அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியவில்லை.

வெள்ளிக்கிழமை ஹாலில் பிள்ளைகள், பெற்றோர், பழைய மாணவர்கள் என்று கூட்டம். சீனிவாசராகவன் நரைத்த மீசையும் சிரித்த முகமுமாக முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தார். மெர்சி மைக் முன்னால் நின்று தாளை விரித்தாள், கண்ணாடி போட்டுக்கொண்டாள். கிளப்பின் பியானோ, டோரீன் மிஸ்ஸின் கண்டிப்பு, கோட் போட்டுவந்த துரை எல்லாம் வரிசையாக வந்தன. "அந்தப் பரம்பரையில் வந்தவள் நான்" என்ற கடைசி வரிக்கு வந்ததும் தாளை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டாள். படித்துவிட்டாள். கைதட்டினார்கள்.

அப்புறம் பள்ளிப் பாட்டு. மேடையில் குழு திருத்திய ஸ்வரத்தைத்தான் பாடியது. ஆனால் பழக்கதோஷத்தில் ஹாலே எழுந்து நின்று கூடப் பாடியது, முந்நூறு தொண்டைகளும் செத்த கட்டையின் அந்தப் பழைய தப்பையே பாடின. மேடைச் சத்தம் அதில் அமுங்கிப்போனது. ஷ்ரேயாஸ் நெற்றியில் கை வைத்துக்கொண்டான்.

சீனிவாசராகவனுக்கு அந்தப் பாட்டே புதுசு, அதனால் எது தப்பென்று தெரியவில்லை. அவர் மேடைக்கு வந்து ரக்ஷிதாவின் தோளைத் தட்டினார். "என்ன குரல்டா இது! யார்கிட்ட கத்துக்கறே?"

"மெர்சி மிஸ்கிட்ட சார்."

"பேஷ். தங்கவயல் பரம்பரையா!" அவர் தன் ஃபைலிலிருந்து ஒரு தாளை உருவினார். "பரீட்சை எல்லாம் இல்லை, சும்மா ஆசைக்குக் கேக்கறேன். இந்த நாலே வரி, பார்த்துப் பாடு பார்ப்போம்."

ரக்ஷிதா தாளை வாங்கினாள். மெர்சி பியானோ பின்னாலிருந்து அவள் முகத்தைப் பார்த்தாள். கண் கோட்டில் ஓடியது, ஓடி எங்கேயும் நிற்காமல் திரும்பி வந்தது. அந்தப் பார்வையை மெர்சிக்குத் தெரியும், அது அவளுடைய பார்வை. கதவைத் தட்டிப் பார்த்துவிட்டு வழியில்லை என்று தெரிந்துகொண்ட பார்வை.

பிறகு ரக்ஷிதாவின் கை பாவாடைப் பாக்கெட்டுக்குள் போயிற்று. எதையோ தேடுகிற மாதிரி துழாவிவிட்டு வெளியே வந்தது. அவள் நாக்கைக் கடித்து அழகாகச் சிரித்தாள்.

"அடடா, கண்ணாடி மறந்துட்டேன் சார். நீங்க கொஞ்சம் வாசிச்சுக் காட்டுங்களேன்."

ஒரு வார்த்தை மாறவில்லை. அந்த 'அடடா'கூட மெர்சியுடையதுதான்.

"அதுக்கென்ன, வாசிச்சாப் போச்சு" என்று சீனிவாசராகவன் பியானோவை நோக்கி வந்தார். முதல் வரிசையில் சோஃபியா மேடம் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டார். இன்னும் ஒரு நிமிஷம் பேசாமல் இருந்தால் அவர் வாசிப்பார், பிள்ளை பாடும், ஹால் கைதட்டும், சென்டர் வந்துவிடும். அதற்கப்புறம் ரக்ஷிதா வாழ்நாள் முழுக்கக் கண்ணாடியை மறந்துகொண்டே இருப்பாள்.

மெர்சி எழுந்தாள். பியானோவின் மூடியைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், வாசிக்காதீங்க."

சீனிவாசராகவன் நின்றார். சோஃபியா மேடம் அவசரமாகத் தலையை ஆட்டி வேண்டாம் என்றார். மெர்சி அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் பேசினாள். மைக் பக்கத்திலேயே இருந்ததால் குரல் ஹால் கடைசிவரை போயிற்று.

"அந்தப் பொண்ணுக்குக் கண்ணாடியே கிடையாது சார். கண்ணு நல்லாத்தான் இருக்கு. அவளுக்குப் படிக்கத் தெரியாது, ஏன்னா எனக்குத் தெரியாது. நான் கிளப்ல படிக்கலை. லைன்ல படிச்சவ."

ரக்ஷிதா தாளைக் கையில் வைத்துக்கொண்டு, முகம் சிவந்து, மெர்சியையே பார்த்துக்கொண்டிருந்தாள். மெர்சி தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிப் பியானோ மேல் வைத்தாள்.